நூற்று இருபத்து மூன்றாம் குழாய்

தண்ணீர் விஷயத்தைத் தண்ணீரின் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்பது சிகிர்பாம்பா என்ற மலையூர்க்காரர்களின் வழக்கம். பேசினால் அது புறம் பேசுவதாகிவிடும். ஏரிக்குக் காது உண்டு. அதனால் வாய்க்கால் வெட்டுவதோ குழாய் மாற்றுவதோ எதுவானாலும், தண்ணீர்ச் சங்கத்தின் கூட்டம் மலைமேல், ஏரி கண்ணில் படும் புல்வெளியில்தான் நடக்கும். கீழே ஊரில் கூடம் இருக்கிறது, தகரக் கூரை இருக்கிறது, உட்காரப் பெஞ்சும் இருக்கிறது. யாருக்கு வேண்டும்? மூட்டு வலிக்காரர்கள் கழுதைமேல் ஏறி வழியெல்லாம் முனகிக்கொண்டு வருவார்கள். ஆனால் வராமல் இருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் டெல்ஃபினாவுக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும். ஏரிக்குக் காது இருந்தால் மூக்கும் இருக்குமே, உங்கள் ஈரக் கம்பளி நாற்றத்துக்கு அது எப்போதோ ஊரைக் காலி செய்திருக்குமே என்பாள். அவள் நம்பியது ஒன்றைத்தான். ஏரிக்கரையில் நட்ட அளவுகோல். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏறிப்போய்ப் பார்த்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வாள். இரண்டு வருடமாக அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. அளவுகோலை இரண்டு தடவை பிடுங்கி உள்ளே தள்ளி நட வேண்டியிருந்தது. பக்கத்தில் ‘மழை குறைவு’ என்று எழுதி வைத்தாள். மழை நிஜமாகவே குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை கூட்டம் கூடியது சின்ன விஷயத்துக்கு இல்லை. ஏரிக்கு அடியில் தங்கம் இருக்கிறதாம். இரண்டு வருடம் முன்னால் ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது சுரங்கம் வெட்டலாமா என்று ஊரைக் கேட்கிறார்கள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். குழாய்க்கு ஒரு வாக்கு, மொத்தம் நூற்று இருபத்து மூன்று குழாய். சரிசமமாக வந்தால் தலைவர் சொல்வதே முடிவு. தலைவர் எஃப்ராயின், ஊரில் முதல் லாரி வாங்கி ‘டோன்’ என்று மரியாதையும் வாங்கியவர், சுரங்கம் வேண்டும் என்பவர்.

யார் எதற்காக வாக்களிக்கப் போகிறார்கள் என்பது ஒரு தனிக் கூத்து. டெல்ஃபினாவின் பக்கத்து வீட்டு ஸோய்லா, ஏரி தாய், தாயின் வயிற்றில் துளை போடுவார்களா என்று வேண்டாம் கட்சி. ஜெபக்கூட்டத்துக்காரர்களில் பாதிப் பேர் ஏரியைத் தாய் என்பது பேய் வழிபாடு என்று வேண்டும் கட்சி. மறு பாதி, தேவன் படைத்ததைத் தோண்ட நாம் யார் என்று வேண்டாம் கட்சி. இருவருக்கும் ஒரே வேதப்புத்தகம்தான். பால்மாடு வைத்திருப்பவர்கள் வேண்டாம். மாடு இல்லாத வாலிபர்கள் வேண்டும். அண்ணன் வேண்டும் என்றதற்காகவே வேண்டாம் என்ற தம்பியும் ஒருவன் உண்டு. எந்தப் பக்கமும் சாயாமல் மதில் மேல் பூனையாக ஒரு பத்துப் பேர்.

டெல்ஃபினா வேண்டும் கட்சி. அதற்குத் தங்கம் காரணமில்லை, மகன் கிளேவர்தான் காரணம். ஆறு வருடமாக நியூயார்க்கில் கட்டட வேலை செய்கிறான், அனுமதிக் காகிதம் எதுவும் இல்லாமல். ஒரு தடவை கிளம்பி வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. ஊரில் வேலை இருந்தால் நாளைக்கே வந்துவிடுவேன் அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சுரங்கத்தில் அவனுக்கு வேலை நிச்சயம் என்று எஃப்ராயின் சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருந்தார். ஒரே பிள்ளை. அவன் முகத்தைக் கைபேசியின் கண்ணாடிச் சில்லுக்குள் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. கையால் தொட வேண்டும்.

அவள் வீட்டுக் குழாய் நூற்று இருபத்து மூன்றாவது, வரிசையில் கடைசி. அது அவள் பெயரில் இல்லை, புருஷன் மெல்ச்சோர் பெயரில் இருந்தது. மெல்ச்சோர் கம்பெனிக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போனவர். துளை போட்டு முடித்துக் கிளம்பும் நாளில், மேலே விட்டுவந்த கோவேறு கழுதையைப் பிடிக்கத் தனியாகத் திரும்பிப் போனார். கழுதை சாயங்காலம் தானாக வீடு வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை. ஒன்பது நாள் ஊரே தேடியது. மூடுபனி நாட்கள் அவை; பக்கத்தில் நடப்பவன் தோளே தெரியாது.

உடல் கிடைக்காதவர் இறந்தவர் இல்லை என்பது சங்கத்தின் விதி. செத்தவருடைய துணிகளை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைப்பார்கள். துவைத்த அன்றுதான் அவர் ஊரை விட்டுப் போகிறார், அன்றே அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். ஆனால் உடல் கிடைத்த நொடியிலிருந்தே அந்தக் குழாய்க்கு அந்த வருடம் முழுக்க வாக்கு கிடையாது. மெல்ச்சோரின் துணிகள் துவைக்கப்படாமல் பெட்டியில் இருந்தன. காணாமல் போனவர் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் குடும்பத்தார் அவருக்காகச் சொல்லலாம். டெல்ஃபினா சொல்லப்போவது என்ன என்று எஃப்ராயினுக்கு முன்பே தெரியும். ஸோய்லாவுக்கும் தெரியும். அதனால் இரண்டு வாரமாக வேலிக்கு மேல் எட்டிப் பேசுவதில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஆவி பறக்க வேகவைத்த சோளத்தையும் உருளைக்கிழங்கையும் கம்பளித் துணியில் குவித்து வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றுக்கு மூடுபனி ஏரியிலிருந்து எழுந்து புல்லின் மேல் ஊர்ந்து வந்தது. முதலில் ஏரி மறைந்தது, பிறகு கழுதைகள், பிறகு கூட்டத்தின் பின்வரிசை.

பனிக்குள் யாரும் முதல் அழைப்புக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். மலை இரண்டு முறைதான் கூப்பிடும். மனிதன்தான் மூன்று முறை கூப்பிடுவான். முதல் அழைப்புக்கு வாய் திறந்தவனை மலை கொண்டுபோய்விடும் என்பார்கள். தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த சேதி. ஆகவே டெல்ஃபினா ஒவ்வொரு பெயரையும் மும்மூன்று முறை கூப்பிட வேண்டியதாயிற்று. முன்னால் முழங்காலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவன்கூட இரண்டு அழைப்புக்கும் கல்லாட்டம் இருந்துவிட்டு மூன்றாவதற்குத்தான் எழுந்தான். எழுந்து சொன்னான், முன்னால் வந்து பதிவேட்டில் கைநாட்டு வைத்தான். அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. முட்டாள் ஜனங்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கூப்பிட்டாள்.

நூற்று இருபத்திரண்டாவது குழாய் முடிந்தபோது வேண்டும் அறுபத்தொன்று, வேண்டாம் அறுபத்தொன்று. எஃப்ராயின் கூட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மீசையைத் தடவிக்கொண்டார். பனிக்குள் எல்லா முகங்களும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன என்று அவளுக்குத் தெரிந்தது. ஸோய்லா மட்டும் குனிந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்ஃபினா எழுந்து நின்று கூப்பிட்டாள்.

“மெல்ச்சோர் ஸாகி.”

“இருக்கேன்.”

முதல் அழைப்புக்கே வந்தது. கூட்டத்திலிருந்து வரவில்லை, யாரும் இல்லாத மேட்டுப் பக்கம், ஏரிக்கரையில் இருந்து வந்தது. உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் சொல்கிற அதே குரலில் மறுபடி வந்தது.

“வேண்டாம்.”

பிறகு ஒரு இருமல். புகையிலை இருமல், கடைசியில் ஒரு சீழ்க்கையோடு முடிகிற இருமல். இருபத்தைந்து வருடம் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் அவள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். எஃப்ராயினின் மீசைமேல் இருந்த கை அங்கேயே நின்றது. டெல்ஃபினாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். எவனோ குரல் மாற்றிக் கத்துகிறான். ஸோய்லாவின் தம்பி சர்க்கஸ்காரன் மாதிரி யாரைப் போலவும் பேசுவான், அவன்தான். செத்தவனை வைத்து விளையாடுகிறார்கள். ஆனால் ஸோய்லாவின் தம்பி இரண்டாவது வரிசையில், கையில் உரித்த உருளைக்கிழங்கோடு, வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தான்.

எஃப்ராயின்தான் முதலில் பேச்சைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“பதில் சொன்னவர் வந்து கைநாட்டு வைக்கணும். வெச்சாத்தான் ஓட்டு. ஆள் இல்லைன்னா அது வெறும் காத்து. இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு நீ சொல்லலாம்.” கூட்டத்தைப் பார்த்தார். “யாராவது போய்ப் பாருங்கப்பா.”

யாருக்காவது பைத்தியமா? சுரங்கம் வேண்டும் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன வாலிபர்கள், ஏரி வெறும் தண்ணீர்தான் என்று கீழே கடைத்தெருவில் முழங்கியவர்கள், எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நானே போறேன்,” என்றாள் டெல்ஃபினா.

ஸோய்லா இரண்டு வாரப் பகையை மறந்து அவள் சால்வையைப் பிடித்தாள். “வேணாம் கொமாத்ரே. உன் பிள்ளைக்கு ஞானத்தாயா நான் சொல்றேன், போகாதே. அது உன்னைக் கூப்பிடுது.”

“என்னைக் கூப்பிடலை. நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.”

சால்வையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். பத்து அடியில் கூட்டத்தின் சத்தம் நின்றுபோனது. இருபது அடியில் தன் கை தெரியவில்லை. புல் முழுக்கப் பனிநீர்; ஒரு ஆள் நடந்திருந்தால் கோடு போட்டது போலத் தடம் இருக்கும். அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். தடம் இல்லை. அளவுகோல் வரை போனாள். அதைத் தாண்டிப் பாறைக்கு அந்தப் பக்கம்தான் கம்பெனிக்காரர்கள் துளை போட்ட இடம். மெல்ச்சோர் போனபின் அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

பாறைக்கு அப்பால் பனி விலகியிருந்தது; சுற்றி வந்தவள் நின்றுவிட்டாள். அங்கே ஏரி இருக்க வேண்டும். ஏரி இல்லை. கரிய சேறு, வெடித்த சேறு, அறுபது எழுபது அடி தூரத்துக்கு. நடுவில் கம்பெனி விட்டுப்போன இரும்புக் குழாய், தலையில் மூடியோடு. குழாயின் அடியில் தரை குழிந்திருந்தது. மிச்சமிருந்த தண்ணீர் விரல் பருமனில் ஒரு கோடாக வந்து அந்தக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது. தாகத்தோடு யாரோ நிறுத்தாமல் குடிக்கிற சத்தம்.

மழை குறைவு என்று எழுதிய தன் கையெழுத்து அவளுக்கு ஞாபகம் வந்தது. இருபத்து நான்கு மாதம், இருபத்து நான்கு தடவை. வெட்கத்தில் காது சுட்டது.

குழாயிலிருந்து நான்கடி தள்ளி, சேற்றுக்கு மேலே ஒரு சிவப்பு ஓரம். அது என்னவென்று கிட்டப் போகாமலே தெரிந்தது. மெல்ச்சோர் அன்று போர்த்திப் போன போர்வை; அதன் ஓரத்தை அவளே தைத்திருந்தாள். கைகளால் சேற்றை விலக்கினாள். மெல்ச்சோர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து. சதுப்பு அவரை அழுக விடவில்லை. தோல் மட்டும் பழைய செருப்பு போலக் கறுத்து இறுகியிருந்தது. புருவம் இருந்தது. தாடையில் மூன்று நாள் தாடி இருந்தது. வாய் திறந்திருந்தது, அதற்குள் பாசி நிறைந்து, நெருக்கமாக வேர்விட்டு, பல்லை மூடி வளர்ந்திருந்தது. இரண்டு வருடமாக அந்த வாய்க்குள் காற்று போக வழி இல்லை.

அப்படியென்றால் இருமியது யார்?

அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது நாள் இந்த இடத்துக்கு மேலேயே படகில் தேடியிருக்கிறார்கள். அன்று இங்கே ஆளுயரத் தண்ணீர். மனிதன் பனியில் வழி தப்பி ஏரிக்குள் நடந்திருக்கிறான், ஏரி அவனை வைத்துக்கொண்டது. இப்போது ஏரி போய்க்கொண்டிருக்கிறது, அவனை வெளியே விட்டுவிட்டு. அவள் அவர் புருவத்தில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். “பாவி மனுஷா, கழுதை வீட்டுக்கு வந்துருச்சுய்யா,” என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்தபோது மூளை வேலை செய்தது. செயலாளர் மூளை. கீழே போய், கிடைத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேர் வந்து தூக்குவார்கள். அடக்கம் நடக்கும், ஐந்தாம் நாள் துணி துவைக்கலாம், பாதிரியார் மணி அடிப்பார். இரண்டு வருடமாக அவள் கேட்க ஏங்கியது அந்த மணிதான். பெயரை அடிப்பார்கள். அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று, தலைவர் வேண்டும் என்பார். சுரங்கம் வரும், கிளேவர் வருவான். அவள் கேட்டதெல்லாம் ஒரே நாளில், ஒரே தட்டில். விரலை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சத்தம் நிற்கவில்லை. இடைவிடாமல் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு துளைக்கே இந்தக் கதி. இவரோ வேண்டாம் என்கிறார். அல்லது இவர் சொல்லவில்லை, பனி சொன்னது, ஏரி சொன்னது, தன் தலைக்குள் இருக்கிற ஏதோ சொன்னது. யார் சொன்னால் என்ன? அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அந்த வார்த்தையை ஊர்க் கணக்கில் ஏற்ற வேண்டுமென்றால், மெல்ச்சோர் சாகாதவராக இருக்க வேண்டும். சாகாதவராக இருக்க வேண்டுமென்றால், இங்கேயே கிடக்க வேண்டும்.

இந்தச் சடங்கையெல்லாம் காலமெல்லாம் கேலி செய்தவள் அவள். துணி துவைக்கப்படாத செத்தவன் வெளியே நின்று குளிரில் நடுங்குவான் என்று ஸோய்லா சொல்லும்போது, கதவைத் திறந்து விட வேண்டியதுதானே என்று சிரித்தவள். இப்போது அந்தக் குளிர் அவள் எலும்புக்குள் இறங்கியது. நம்பாமல் இருந்திருந்தால் அவரை விட்டுப் போவது சுலபம். நம்பிவிட்டாள்.

போர்வை ஓரத்தை உள்ளே செருகினாள். சேற்றை இரண்டு கையாலும் அள்ளி மேலே போட்டாள். முகத்தைக் கடைசியாக மூடினாள். பக்கத்தில் இருந்து பாசித் திட்டுகளைப் பெயர்த்துவந்து அடுக்கினாள், கம்பளி போர்த்துவது போல ஓரம் விடாமல். எழுந்து திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

“டெல்ஃபினா.”

முதுகுக்குப் பின்னால். அதே குரல். அவள் கால்கள் நின்றன, வாய் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினாள்.

“டெல்ஃபினா.”

இந்தத் தடவை கிட்டத்தில், கழுத்துக்குப் பின்னால். சேற்று வாசனையோடு. மூன்றாவது அழைப்புக்காகக் காத்து நின்றாள். அது வந்திருந்தால் சத்தியமாகத் திரும்பியிருப்பாள், ஊர் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று. பனி அசையாமல் இருந்தது. மூன்றாவது அழைப்பு வரவில்லை.

கூட்டம் அவள் விட்டுப்போன இடத்திலேயே அப்படியே இருந்தது, சோளம் ஆறிப்போயிருந்தது. எஃப்ராயின் என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

“யாரும் இல்ல,” என்றாள். பதிவேட்டைக் கையில் எடுத்தாள். இரண்டாம் முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். மேட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. “மெல்ச்சோர் ஸாகிக்காக அவர் சம்சாரம் டெல்ஃபினா சொல்றேன். வேண்டாம்.”

எஃப்ராயினுக்கு அது காதில் ஏறவே நேரமாயிற்று. “என்ன சொன்னேன்னு தெரிஞ்சுதான் சொன்னியா? உன் பையன்...”

“தெரியும் டோன் எஃப்ராயின். இன்னொண்ணும் சொல்லணும். பாறைக்கு அந்தப் பக்கம் ஏரியே இல்லை. அந்தத் துளை குடிச்சுக்கிட்டிருக்கு. நாளைக்கே மூடணும், எல்லாரும் இல்ல, ரெண்டு பேர் போதும். அதில் ஒருத்தி நான்.”

வேண்டாம் கட்சிக்காரர்கள் சத்தமே போடவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாருக்கு ஆர்ப்பாட்டம் செய்ய மனம் வரும்? ஸோய்லா மட்டும் வந்து கட்டிக்கொண்டாள். அவள் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், முழங்கை வரை கறுப்பு. ஸோய்லா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் சால்வை முனையால் அந்தக் கைகளை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் கிளேவர் கூப்பிட்டான். செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அந்த வாய்க்கு இப்போது கைபேசியும் இருக்கிறது. கண்ணாடிச் சில்லுக்குள் அவன் முகம் தூசியாக இருந்தது.

“அம்மா, ஒத்த ஓட்டுன்னு சொல்றாங்க. அது நம்ம ஓட்டுன்னு சொல்றாங்க.”

“ஆமாடா.”

“அப்பாவை முழுங்கின ஏரிக்கா போட்ட?”

அப்பா கிடைத்தால் அடக்கத்துக்கு வந்துவிடுவேன், திரும்பிப் போக முடியாவிட்டாலும் சரி என்று அவன் சொல்லியிருக்கிறான். இரண்டே வார்த்தை. அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். அவனைத் தொடலாம், தூசியைத் துடைத்துவிடலாம். வந்தவன் அப்பா எங்கே கிடைத்தார் என்று கேட்பான், தோண்டுவான், கூட்டம் மறுபடி கூடும். நாக்கு நுனிவரை வந்த அந்த இரண்டு வார்த்தையை அவள் விழுங்கினாள்.

“என்மேல கோபமாம்மா? நான் வரவேண்டாம்னுதான் அப்படிச் சொன்னியா?”

“சாப்பிட்டியாடா?” என்றாள் டெல்ஃபினா.

அவன், சின்ன வயதில் மூலையில் உட்கார்ந்துகொண்டு சொல்வானே அதே மாதிரி, “பசிக்கலை,” என்றான்.